வைரக்கண்ணுவின் தீர்ப்பு

இந்தப் பிரான்ஸ் நாட்டில் குழந்தை பிறந்த மூன்று நாளுக்குள் பெயரைப் பதிந்துவிட வேண்டும். காரைக்காலில் என் தம்பி பள்ளிக்கூடத்தில் சேரும்வரை வெறும் ‘குட்டி’தான், யாரும் அவசரப்படவில்லை. இங்கே எனக்குப் பால் சுரக்கும் முன்பே ஒரு பெண் படிவத்தோடு கட்டிலருகே வந்து நின்றாள். பதறிப்போய் எங்கள் ஊர் குரும்பகரத்துக்கு ஃபோன் போட்டேன். “பொண்ணா இருந்தா என்னம்மா, வைரம்னாவது வையி. தலமுறைக்கு ஒருத்தர் அந்தப் பேரச் சொமக்கணும்ல” என்றார் அப்பா. இறந்துபோன மூதாதையின் பெயர், வைக்காவிட்டால் கோபித்துக்கொள்வார் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அவளிடம் விளக்கினேன். “உங்கள்மேல் அவ்வளவு பிரியமா அவருக்கு?” என்று அவள் நெகிழ்ந்துபோய்க் கேட்டாள். திருத்தத் தெரியாமல் தலையாட்டிவிட்டேன்.

வைரக்கண்ணு என் தாத்தாவுடைய தாத்தாவின் அண்ணன். பிரெஞ்சுக்காரர் காலத்தில், வாய்க்கால் மதகை அடைக்க வந்த எல்லைக்கு அந்தப்பக்கத்து பிரிட்டிஷ் ஊர் ஆட்கள் அவரை மண்வெட்டியால் வெட்டிக் கொன்றார்கள் என்பது நாங்கள் கேட்டு வளர்ந்த கதை. பிள்ளையில்லாத மனிதராம். தம்பி ஆறுமுகம்தான் அண்ணனைத் தோளில் சுமந்து வந்து எரித்து, ஆடிதோறும் படையல் போடத் தொடங்கினாராம். புது வேட்டி, சாராயம், சுருட்டு, கருவாட்டுக் குழம்பு. இலைக்கு முன்னால் பழைய காகிதக் கட்டு ஒன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். சாமியின் பட்டா என்பார்கள். பிரெஞ்சில் இருந்ததால் யாரும் படித்ததில்லை. படிக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. “சாமிக்கு வாங்குன சுருட்டுல பாதிய ஒங்கப்பாவே ஊதிடுறாரு, அப்பறம் சாமி எப்படிக் குளிரும்?” என்று அத்தை ஒவ்வொரு வருஷமும் சீண்டுவாள்.

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, அவளுக்காக அந்தக் கதையை எழுதிவைக்க ஆசைப்பட்டேன். காகிதங்களை நகலெடுத்து அனுப்பச் சொன்னேன். மேலே இருந்தது பட்டா இல்லை, நீதிமன்றத் தீர்ப்பு. சந்தனக் கறை மறைத்த இடங்களை விட்டுவிட்டு, சமையலறை மேசையில் அகராதியோடு நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். வெளியாட்கள் யாரும் அதில் இல்லை. தண்ணீர் முறைக்காக மதகடியில் நடந்த சண்டையில் வைரக்கண்ணுவை வெட்டியது அவருடைய தம்பி ஆறுமுகம். சாட்சி சொன்னது வைரக்கண்ணுவின் மனைவி. அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்ததையும் எழுதியிருந்தார்கள். ஆத்திரத்தில் நடந்தது என்று ஆறுமுகத்தைச் சில வருஷச் சிறையோடு விட்டிருந்தார்கள். அடியில் இருந்த பாகப்பத்திரத்தில், தன் நிலம் முழுவதையும் அதே ஆறுமுகத்துக்கு விட்டுக்கொடுத்து அவள் கைநாட்டு வைத்திருக்கிறாள். அதன் பிறகு எந்தக் காகிதத்திலும் அவளும் இல்லை, குழந்தையும் இல்லை. அந்த நாளில் காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தீவுகளுக்குக் கூலிக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதில் ஏறினார்களா? அது என் ஊகம்தான்.

என் பிரெஞ்சின்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஃப்ரேர் என்றால் சகோதரன்; வேறு பொருள் இருக்குமோ என்று மூன்று முறை புரட்டினேன். கணவரிடம் காட்டினேன். “நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, விடேன்” என்றார். எப்படி விடுவது? நாங்கள் சோறு போட்டது பாசத்தினால் இல்லை, பயத்தினால். அந்தப் பயத்தைத்தான் என் மகள் தலையில் பெயராக வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு விவரமாக ஒரு கடிதம் எழுதினேன். எழுபது வயதில் அவர் கும்பிடும் சாமியைப் பறிக்க நான் யார் என்று கிழித்தேன். மறுநாள் மறுபடி எழுதினேன். அதுவும் குப்பைக்கூடைக்குப் போனது.

அந்த ஆடியில் படையல் நேரத்துக்கு ஃபோன் கார்டைச் சுரண்டி எண்ணை அழுத்தினேன். அங்கே மதியம், இங்கே காலை. மகள் என் மடியில் இருந்தாள்.

“நல்ல நேரத்துக்குக் கூப்புட்டம்மா. எல்லாரும் நிக்கிறாங்க. ஸ்பீக்கர்ல போடுறேன், அந்தப் பட்டாவ வாசி. அவரு காலத்து பாஷைதான, கேக்கட்டும்.”

“அப்பா, அது வந்து...”

“எங்க வம்சத்துலயே மொதமொத நீதான் வாசிக்கப்போற. வாசிம்மா.”

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அந்தப் பக்கம் பேச்சு அடங்கி, மணி மட்டும் கிணுகிணுத்தது. வாசித்தேன். எதையும் விடாமல், அவர்களில் ஒருவருக்கும் புரியாத மொழியில், மதகையும் மண்வெட்டியையும் கடைசி அடியையும் வாசித்தேன். நடுவில் அத்தையின் குரல் கேட்டது: “ஆறுமுகத் தாத்தா பேரும் வருது பாருங்க. அண்ணன விட்டுப் பிரியாத தம்பி.” யாரோ ‘சாமி’ என்று தழுதழுத்தார்கள்.

முடித்ததும் மகள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா, அவரோட தம்பி ஏன் அவரைக் கொன்னாரு?” என்று தெளிவான பிரெஞ்சில் கேட்டாள்.

“பாப்பா என்னம்மா சொல்லுது?” என்றார் அப்பா, குரலில் சிரிப்போடு.

என் ஒரு கை ரிசீவரின் வாயைப் பொத்தியிருந்தது. இன்னொரு கை மகளின் வாயை.