துரைக்கண்ணு பார்த்த வண்டி

1993-க்குப் பிறகு விழுப்புரத்தில் பழைய கார் வாங்கியவர்களில் பாதிப் பேர் துரைக்கண்ணுவைக் கூட்டிப்போய் வண்டியைக் காட்டிவிட்டுத்தான் வாங்கினார்கள். மீதிப் பாதி தாங்களாகவே வாங்கிவிட்டு, அப்புறம் அவரைக் கூட்டிவந்து காட்டினார்கள். இந்த இரண்டாவது ரகத்தைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "தாலி கட்டிட்டு வந்து ஜாதகத்தைப் பாக்கச் சொல்றான் பாரு" என்று டீக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார்.

அவர் மெக்கானிக் இல்லை. காணைக்காரர். கரும்பு லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, கடைசியில் விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு முதலாளியின் அம்பாசடரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் உரக்கடைக்காரர் ஒருவர், தான் வாங்கப்போகும் வண்டியைச் சும்மா பார்க்க வரச்சொன்னார். துரைக்கண்ணு அந்த வண்டியின் நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். மூடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "இந்தப் பின்பக்கக் கதவு இந்த வண்டியில பொறந்தது இல்லீங்க" என்றார். விசாரித்துப் பார்த்ததில் வண்டி உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே உருண்டு, இரண்டு மாதம் பட்டறையில் கிடந்தது தெரிந்தது. உரக்கடைக்காரர் போகிற இடமெல்லாம் இதைச் சொன்னார். அப்படித்தான் துரைக்கண்ணுவுக்குப் பெயர் வந்தது.

காலையில் எஞ்சின் சூடாகும் முன்பே போய்விடுவார். முதல் வேலையாகப் பானட்மேல் உள்ளங்கையை வைப்பார். வெதுவெதுவென்று இருந்தால், விற்கிறவன் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறான், குளிரில் எழும்பாத வண்டி என்று அர்த்தம். கிலோமீட்டர் மீட்டரை ஏறிட்டும் பார்க்கமாட்டார். பிரேக் பெடலின் ரப்பரைப் பார்ப்பார். மீட்டர் முப்பதாயிரம் என்று சொல்லும்போது ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மனிதர் சிரிப்பார். துணியில் சுற்றிய ஒரு காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். அதை வண்டியின் உடம்பில் ஒட்டிக்கொண்டே போவார். காந்தம் நழுவி விழும் இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறது. உள்ளே தலையை நீட்டி மூச்சை இழுப்பார். ஊதுபத்தி வாசனையோ சென்ட் வாசனையோ வந்தால், எதை மறைக்க இந்த வாசனை என்று தேட ஆரம்பித்துவிடுவார். எல்லாம் முடிந்ததும் கொண்டுவந்த சாக்கை விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்து ஊர்ந்து போவார். அவர் சட்டையின் முதுகுப்பக்கம் கறையில்லாத நாளே கிடையாது. அவர் மனைவி கோவிந்தம்மாள் அந்தக் கறையைத் துவைத்துத் துவைத்தே சலித்துப்போனவர்.

பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது எடுக்கும் எக்ஸ்சேஞ்ச் மேளாக்கள் வந்த காலத்தில் அவரிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் இன்னும் கூடினார்கள். "உங்கிட்ட பழைய வண்டி இருக்குதுன்னு மொதல்லயே வாயைத் தொறக்காத. புதுசோட வெலையைப் பேசி முடி. முடிஞ்சப்புறம் பழசைக் காட்டு. ரெண்டையும் ஒண்ணாப் பேசுனா, இதுல குடுத்ததை அதுல புடுங்கிடுவான்" என்பார். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றாதவனோடு அவர் பேச்சே வைத்துக்கொள்வதில்லை. வண்டியை ஓட்டாமல் உறைபோட்டு மூடி வைத்து அழகு பார்ப்பவன் அவர் கணக்கில் அதைவிட மோசம்.

இதற்கெல்லாம் வாங்குகிறவர் வெற்றிலைபாக்கில் வைத்துத் தருவதைத்தான் எடுத்துக்கொள்வார். விற்கிறவனிடமோ தரகனிடமோ ஒரு டீகூடக் குடிக்கமாட்டார். துரைக்கண்ணு என்றால் காசு வாங்காதவர். இந்த ஒரு பெயரை வைத்துத்தான் அவர் பிழைப்பு ஓடியது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

2006 ஐப்பசியில் திண்டிவனத்தில் அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்பதால் அன்றைக்கு அவருக்குத் தனி மரியாதை. கரைபோட்ட புது வேட்டி, மார்பெல்லாம் சந்தனம், தலைமேல் பன்னீர். தாலி கட்டி முடிந்த நேரத்தில் அவர் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு மண்டப வாசலில் ஒரு பெண் காத்திருப்பதாகச் சொன்னார்கள். தையல்நாயகி என்று பெயர். திண்டிவனத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றிப்போய் விடுகிறவள். கணவன் இல்லை. ஆட்டோவைக் கொடுத்துவிட்டு, பழைய மாருதி வேன் ஒன்றை எடுக்கப்போகிறாள்.

"வண்டி இங்கதாண்ணே நிக்குது, பின்னால காலி மனையில. நீங்க ஒரு தபா பாத்துச் சொன்னீங்கன்னா எடுத்துடுவேன்."

"கல்யாணத்துல இருக்கேம்மா. நாளைக்குக் காலையில வர்றேன்."

"நாளைக்கு இருக்காதுண்ணே. செஞ்சியிலேர்ந்து வேற ஒருத்தர் வந்துக்கினு இருக்காராம். திங்கக்கெழமைக்குள்ள ஸ்கூல்ல வண்டியைக் காட்டலன்னா புள்ளைங்களை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

துரைக்கண்ணு போனார். முதல்நாள் ராத்திரி மழை பெய்து, காலி மனை முழுக்கச் சேறு. தரகர் பிரேம்குமார் வேனைப் பளபளவென்று கழுவி நிறுத்தியிருந்தார். துரைக்கண்ணு ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேனைச் சுற்றி வந்தார். எஞ்சின் ஓசை சுத்தமாக இருந்தது. புகை இல்லை. பெடல் ரப்பர் மீட்டரோடு ஒத்துப்போனது. உள்ளே தலையை நீட்டி மூச்சை இழுத்தார். மூக்கு நிறையச் சந்தனமும் பன்னீரும்தான் வந்தன. அது தன் மேலிருந்து வருகிறதா, வண்டியிலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. தரையில் கிடந்த ரப்பர் விரிப்பின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். கறுப்புப் பெயின்ட் புதிதாக இருந்தது. குனிந்து அடியைப் பார்க்க முயன்றார். சேறும் இருட்டும்தான் தெரிந்தன. சாக்கு இல்லை, டார்ச்சும் இல்லை. மண்டபத்திலிருந்து சாப்பிடக் கூப்பிட ஆள் வந்து நின்றது.

"எடுத்துக்கலாம்மா" என்றார்.

தையல்நாயகி கும்பிட்டாள். வெற்றிலைபாக்கு நீட்டினாள். கல்யாண நாள் என்று அதைக்கூட அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

நான்கு மாதம் கழித்து மாசியில், மரக்காணம் சாலையில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது வேனின் தரை பிளந்தது. யு.கே.ஜி. படிக்கும் ரோஜா என்ற பெண்குழந்தையின் கால் முழங்கால்வரை ஓட்டைக்குள் போய்விட்டது. தையல்நாயகி மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள், சட்டென்று பிரேக்கை அழுத்திவிட்டாள். காலணி சாலையில் கிடந்தது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தோல் கிழிந்து நான்கு தையல் போட்டார்கள். அந்த வாரமே பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வெல்டிங் பட்டறையில் ரப்பர் விரிப்பை முழுவதுமாக உரித்துப் பார்த்தபோது தகரம் அப்பளமாக நொறுங்கியது. "இது மீன் பொட்டி ஏத்துன வண்டிம்மா. ஐஸ் தண்ணியும் உப்பும் ஊறி ஊறி அடி மொத்தமும் போயிடுச்சி. மேல பெயின்ட்டை அடிச்சி உங்க தலையில கட்டிட்டாங்க. யாரு பாத்துச் சொன்னது?" என்றார் பட்டறைக்காரர். துரைக்கண்ணு என்றதும் உதட்டைப் பிதுக்கினார். "அவரு கண்ணுக்கு இது தப்பவே தப்பாது. அப்படின்னா காசு வாங்கியிருப்பாரு."

தையல்நாயகியும் அவள் தம்பி தேவநாதனும் பஸ் ஏறி விழுப்புரத்துக்கு வந்தார்கள். ரயில் நிலையத்து டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் தேவநாதன் சத்தம் போட்டான். "பிரேம்குமார்கிட்ட எவ்ளோ வாங்கின? சொல்லுய்யா! கொழந்தை கால் போயிருந்தா நீயா குடுப்ப?"

துரைக்கண்ணுவுக்குக் காது சூடேறியது. பதினான்கு வருஷத்தில் யாரும் அவரைப் பார்த்துக் கேட்காத கேள்வி. "ஒத்தப் பைசா வாங்கல" என்றார்.

"அப்படின்னா வட்டப்பாறையில வந்து சத்தியம் பண்ணு."

திருவாமாத்தூர் கோயிலில் இருக்கிற வட்டப்பாறையின் முன் பொய் சத்தியம் செய்தவன் உருப்படமாட்டான் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. வரப்புத் தகராறு, நகை காணாமல் போனது எல்லாம் அங்கே வந்துதான் தீரும். வண்டித் தரகர்களுக்கும் அதுதான் கோர்ட்டு. "வெள்ளிக்கெழமை வர்றேன்" என்று துரைக்கண்ணு உடனே ஒப்புக்கொண்டார். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட. எல்லோருக்கும் முன்னால் தன் பெயர் கழுவப்படும் என்று நினைத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது கோவிந்தம்மாள் முறத்தில் மல்லாட்டை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். கை நிற்காமலே கேட்டார்.

"நீ அன்னிக்கு அடியில படுத்துப் பாத்தியா?"

"ஏன் கேக்கிற?"

"கல்யாணத்துக்குக் கட்டிக்கினு போன வேட்டியை நான் தொவைக்கவே இல்ல. அழுக்கே இல்லாம வந்துது. மடிச்சிப் பொட்டியில வெச்சிட்டேன்."

கோவிந்தம்மாளே மேலும் சொன்னார். "அவங்க கேக்கிறது காசைப் பத்தி. நீ வாங்கல. அதை மட்டும் சொல்லிட்டு ஜல்தி வீட்டுக்கு வந்து சேரு. இல்லாத பேஜாரை இழுத்துக்கினு வராத."

வெள்ளிக்கிழமை பாறை முன்னால் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். முதலில் பிரேம்குமார் கற்பூரத்தை ஏற்றி, துரைக்கண்ணுவுக்குத் தான் எதுவும் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்து, அதைக் கையால் அடித்து அணைத்தார். மீன் வண்டி என்று தெரியுமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அடுத்து துரைக்கண்ணு. "யார்கிட்டயும் பைசா வாங்கல" என்று கற்பூரத்தை அணைத்தார். தேவநாதன் தலையைக் குனிந்துகொண்டான். வந்திருந்த தரகர்கள், "நாங்க அப்பவே சொன்னோமே" என்று பேசிக்கொண்டே வெளியே டீ குடிக்கப் போனார்கள். பிரேம்குமார் அவர்களுக்கு முன்னால் போனார். தேவநாதனும் பின்னாலேயே போனான்.

தையல்நாயகி மட்டும் நின்றாள். கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிக்குங்கண்ணே. உங்களைப் போயி தப்பா நெனைச்சிட்டேன். ஏதோ என் நேரம்" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் துரைக்கண்ணு தாங்கியிருப்பார். மன்னிப்புக் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம், போக நினைக்கவும் செய்தார்.

"நான் அடியில படுத்துப் பாக்கலம்மா" என்றார்.

"எதுக்குண்ணே?"

"சேறா இருந்துது. கல்யாணத்து வேட்டி. அழுக்காயிடும்னு படுக்கல."

தையல்நாயகிக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் குரல் ஏறவே இல்லை.

"காசு வாங்கியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்ண்ணே. உங்களுக்கும் ஏதோ கஷ்டம்னு நெனைச்சிருப்பேன்."

சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். டீக்கடையில் நின்ற தம்பியைக் கூப்பிட்டுப் பஸ் ஏறினாள். அவனிடம்கூட அவள் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஜூனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்தாள் என்று துரைக்கண்ணு கேள்விப்பட்டார். வேன் பழைய இரும்புக்குப் போனது.

வட்டப்பாறைச் செய்தி மட்டும் வேகமாகப் பரவியது. டீ குடிக்கப் போனவர்கள் தாங்கள் கேட்டதை ஊரெங்கும் சொன்னார்கள். அதற்கு முன்னால் காணை, விழுப்புரம், திண்டிவனம் என்று இருந்தவருக்கு இப்போது செஞ்சி, கள்ளக்குறிச்சியிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. அவரும் போனார். மழையோ சேறோ, முதலில் அடியில் படுத்துவிட்டுத்தான் பானட்டைத் தொட்டார். காசு வாங்காத மனுஷன் என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றினார்.

2011-ல் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து இனியவன் என்ற பேங்க் ஊழியர் பைக்கில் தேடிக்கொண்டு வந்தார். "வட்டப்பாறையில சத்தியம் பண்ண துரைக்கண்ணு அண்ணன் நீங்கதானே? உங்களை நம்பி கண்ணை மூடிக்கினு வண்டி எடுக்கலாம்னாங்க."

"வேற எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

"வேற இன்னாண்ணே இருக்குது சொல்றதுக்கு?"

துரைக்கண்ணு சாக்கையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டார். பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.