பறக்கும் பத்துமலையும் நாற்பத்தைந்து கிலோவும்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பேச்சு உண்டு. எண்பத்திரண்டாம் வருஷம், மூணாங்கட்டை தோட்டத்தில் பத்துமலை என்கிற இளவட்டம் ஒரு பழைய எழுபது சிசி மோட்டர் சைக்கிளில் பாரிட்டைத் தாண்டிப் பறந்தான் என்று. பாரிட் என்பது தோட்டத்து நடுவே ஓடும் பெரிய வாய்க்கால்.

விசாரித்துப் பார்த்தால், சுங்கை சிப்புட் சந்தையில் அதன் அகலம் பதினைந்து அடி. கோலா கங்சார் காப்பிக் கடையில் இருபத்தைந்து அடி, அதுவும் பத்துமலை ஒரு கையால் தலை சீவிக்கொண்டே பறந்தானாம். தெலுக் இந்தானுக்குப் போனால் பாரிட்டே இல்லை, ஆறு. நடுவில் ஒரு முதலை வேறு வாயைத் திறந்து வைத்திருந்தது. தூரம் போகப் போக வாய்க்கால் அகலமானதே தவிர, எங்கேயும் மோட்டர் தண்ணீரில் விழவில்லை. அன்றைக்குக் கரையில் நின்றவர்கள் பதினொரு பேர். கண்ணால் பார்த்ததாக இன்றைக்குச் சத்தியம் பண்ணுகிறவர்கள் நூற்றுக்கும் மேல். அதில் சிலர் தொண்ணூறில் பிறந்தவர்கள்.

இந்தப் பேச்சு எப்படியோ தொலைக்காட்சிக்கும் போய்விட்டது. ‘நிஜமா ரீலா’ என்று ஒரு நிகழ்ச்சி. சினிமா சண்டையையும் ஊர்க் கதையையும் அறிவியலை வைத்துச் சோதிப்பார்கள். நாயகன் உதைத்தால் அடியாள் பன்னிரண்டு அடி பறப்பானா என்று பார்க்க, ஒரு ஸ்டண்ட்காரரை விட்டு அரிசி மூட்டையை உதைக்கச் சொன்னார்கள். மூட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. ஸ்டண்ட்காரர்தான் பின்னால் போய் விழுந்தார்.

நிகழ்ச்சியை நடத்தும் ஷார்மேன் ஈப்போவுக்கே வந்துவிட்டாள். பத்துமலைக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. அங்கே புந்தோங்கில் வீடு, பேரங்காடி ஒன்றில் ஜாகா, அதாவது வாட்ச்மேன் வேலை.

“அண்ணே, நீங்க பறந்தத டெஸ்ட் பண்ணப் போறோம். ஓகேயா?”

“எதுக்கும்மா? அது பழைய கதைலா.”

“பழைய கதைதான் அண்ணே ரேட்டிங்.”

பத்துமலை சரி என்று தலையாட்டினார். மோட்டர் பறந்தது உண்மை. அதன் மேல் அவர் இல்லை என்பதும் உண்மை.

நடந்தது இதுதான். அந்தக் காலத்தில் மாசம் ஒரு சனிக்கிழமை தோட்டத்துத் திடலில் படம் காட்டுவார்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி, லாரியில் ஜெனரேட்டர், கீழே ஆளுக்கொரு பாய். துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்தால் நாயகன் இடது கையால் சண்டை போடுவான், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைய படத்தில் நாயகன் மோட்டரிலேயே பள்ளத்தைத் தாண்டினான். பாயைச் சுருட்டும்போதே பத்துமலை வாயை விட்டுவிட்டார்: “இது என்னா பெரிய வேலை? நாளைக்கு நம்ம பாரிட்ட நான் தாண்டுறேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்க்கரையில் பதினொரு பேர் கூடிவிட்டார்கள். பத்துமலை மழைக்கோட்டு போட்டு, படத்தில் பார்த்த மாதிரியே முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு வந்தார். முதல் தடவை கரைக்குப் பத்தடி முன்னால் பிரேக். இரண்டாம் தடவை ஐந்தடி முன்னால் பிரேக். மூன்றாம் தடவைக்காக ரப்பர் மரங்களுக்குப் பின்னால் வளைவுக்குப் போனவருக்குக் கால் இரண்டும் தந்தி அடித்தன.

வளைவில் ரோசரி விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து மர நிரையில் ரப்பர் பால் வெட்டுகிறவள். அண்ணன் டொமினிக்கின் மோட்டரை அவனுக்குத் தெரியாமல் ஓட்டிப் பழகியவள்.

“என்னா, நடுங்குற?”

“குளிருதுலா.”

“மணி பத்து. வெயிலு மண்டைய பொளக்குது. எறங்கு. கோட்ட கழட்டு.”

கோட்டைப் போட்டாள், துண்டைக் கட்டினாள், பாவாடையை இழுத்துச் செருகினாள். மோட்டர் கிளம்பியது, வரம்பில் ஏறியது, பறந்தது. எதிர்க்கரையில் இறங்கி ஒரு ஆட்டம் ஆடி, நிற்காமல் தொழிலாளர் லயத்துப் பக்கம் போய்விட்டது. பதினொரு பேரும் கத்திய கத்தலில் ஸ்டோர் கூரைமேல் இருந்த புறா எல்லாம் எழும்பின. பத்துமலை கீழ்ப்பக்கமாக இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து கரையேறி, லயத்துக்குப் பின்னால் போய்க் கோட்டை வாங்கிக்கொண்டார்.

“எங்கப்பாக்கு தெரிஞ்சா கால ஒடிச்சிருவாரு. நான் சொல்லுன்னு சொல்ற வரைக்கும் சொல்லாத,” என்றாள் ரோசரி.

அதைக் காப்பாற்றுவதில் பத்துமலை மாதிரி நாணயஸ்தர் பேராக் மாநிலத்திலேயே கிடையாது. அந்த ஒரு ரகசியத்தில் அவருக்குக் கடையில் தேத்தண்ணீர் வந்தது, ‘பறக்கும் பத்துமலை’ என்ற பட்டம் வந்தது, “மாப்பிள்ளை பறந்தவராமே” என்று பெண்ணும் வந்தது. தோட்டத்தை விற்றார்கள். ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயம் போனது, புகைக்கூண்டு போனது, ஞாயிற்றுக்கிழமை போனது. பட்டம் மட்டும் அவரோடு ஈப்போவுக்குக் குடி வந்தது. ரோசரியின் அப்பா இறந்து நாற்பதாம் நாள் பூசையில் அவள் சொன்னாள்: “இனிமே சொல்லலாம்.” பத்துமலை “சொல்றேன்” என்றார். அதுவும் ஆயிற்று இருபது வருஷம்.

சோதனைக்குத் தீபன் என்கிற பொறியியல் விரிவுரையாளர் வந்தார். முதல் வேலையாகப் பழைய பாரிட்டை அளந்தார். இருபத்து மூன்று அடி!

“சான்ஸே இல்ல,” என்றார்.

தோட்டத்து வேலைகளை மேற்பார்த்த பழைய மண்டோர் ராமையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “தம்பி, இது செம்பனைக்காரன் மெசின விட்டு நோண்டுனது. எங்க பாரிட் மூணு காண்டா. நானே அளந்திருக்கேன்.” காண்டா என்பது இரண்டு பக்கமும் பால் வாளியை மாட்டித் தோளில் சுமக்கும் கம்பு. ராமையா வீட்டில் இன்னும் ஒன்று கிடந்தது. எடுத்து வந்து நீட்டினால் சரியாக ஐந்தடி. பதினைந்து அடிக்குத் திடலில் புதுப் பள்ளம் வெட்டினார்கள். வளைவிலிருந்து கரை வரை அறுபது மீட்டர். அதே ரக மோட்டர், நேராக ஓட மரத்தில் ஒரு தடம், மேலே ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டை.

“அண்ணே, அப்ப உங்க எடை எவ்ளோ?”

பத்துமலை வாய் திறக்குமுன் ராமையா முந்திக்கொண்டார். “எழுவத்தஞ்சு. ஆஸ்பத்திரி தராசுல நான்தான் ஏத்தி விட்டேன். சரியான கட்டுமஸ்து.”

எழுபத்தைந்து கிலோ மூட்டை தலைகுப்புறப் பள்ளத்தில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தடவை மோட்டரின் முன்சக்கரம் தனியாகப் போய் விழுந்தது. ‘ரீல்’ என்று எழுதிய பெரிய முத்திரையை ஷார்மேன் கையில் எடுத்துவிட்டாள்.

வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ரோசரியும் நின்றாள். கண்ணாடி போட்டு, முழங்கால் வலிக்குக் குடையை ஊன்றிக்கொண்டு. பத்துமலை அவள் பக்கம் பார்க்கவில்லை. ரீல் என்று குத்திவிட்டால் பட்டம் போகும். போனால் போகட்டும், ஒரு நாள் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஆனால் அவள் பறந்ததும் சேர்ந்து பொய்யாகிவிடுமே? அந்த நினைப்பு அவருக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தது.

சக்கரத்தை மாட்டி முடித்ததும் தீபன் சொன்னார், “ஒரே ஒரு தடவ. மணலக் கொட்டுங்க.” நாற்பத்தைந்து கிலோ ஆக்கினார்கள். மோட்டர் ஓடியது, ஏறியது, எதிர்க்கரையில் போய் இறங்கியது. கூட்டம் கத்தியது.

“பறக்குறதுக்கு எடை கணக்கில்ல,” என்று தீபன் காமிராவுக்கு விளக்கினார். “ஆனா அறுவது மீட்டருக்குள்ள நாப்பது கிலோமீட்டர் வேகம் புடிக்கணும். எழுவது சிசி எஞ்சின். மேல இருக்கிறவங்க லேசா இருந்தாத்தான் முடியும். நாப்பத்தஞ்சு கிலோன்னா... சின்னப் பையனா இருக்கணும், இல்ல பொண்ணா இருக்கணும்.”

கூட்டம் சிரித்தது. ரோசரி சிரிக்கவில்லை.

“பெதுல்தான், உண்மைதான்,” என்றார் பத்துமலை காமிராவைப் பார்த்து. குரல் இறங்கி, பக்கத்தில் இருந்தவருக்கே சரியாகக் கேட்கவில்லை. “அத ஓட்டுனது நான் இல்லம்மா. ரோசரி. டொமினிக் தங்கச்சி. நான் தண்ணியில நடந்து வந்தேன்.”

சொன்னதும் அவருக்கு உடம்பு நாற்பத்தைந்து கிலோ ஆன மாதிரி இருந்தது.

நிகழ்ச்சி ஒளிபரப்பானது. எழுபத்தைந்து கிலோ விழுந்ததைக் காட்டினார்கள். நாற்பத்தைந்து கிலோ பறந்ததை மெதுவாக ஓடவிட்டு, பாட்டும் போட்டார்கள். பிறகு ‘நிஜம்’ என்று முத்திரை, பத்துமலையின் முகம், விளம்பரம். ரோசரி வரவில்லை.

போன் போட்டுக் கேட்டார். ஷார்மேன் சொன்னாள், “மன்னிச்சிருங்க அண்ணே. ‘பறக்கும் பத்துமலை’ன்னு போஸ்டர் முன்னாடியே போட்டாச்சு. மேல போய்க் கேட்டேன், வேணாம்னுட்டாங்க.”

மறுநாள் பேரங்காடியில் அவரோடு நின்று படம் எடுக்க வரிசை. சாயந்திரம் ரோசரி கூப்பிட்டாள்.

“பார்த்தேன்.”

“நான் சொன்னேன் ரோசரி. சத்தியமா சொன்னேன். அவங்க வெட்டிட்டாங்க.”

“தெரியும், அங்கதான நின்னேன், உன் வாயசைப்பப் பாத்தே புரிஞ்சிச்சு. எனக்கு டிவி எதுக்கு? அன்னிக்கு கரையில நின்னானுங்களே, அவனுங்க முன்னாடி சொல்லு. பதினொண்ணுல இன்னும் ஆறு பேரு இருக்கானுங்க.”

அந்த ஆறு பேரும் ஒரே இடத்தில் கூடியது ராமையா பேத்தி ஷாமினியின் கல்யாணத்தில். சுங்கை சிப்புட் மண்டபம், ஐந்நூறு பேர். ராமையாவே மைக்கைக் கொண்டு வந்து பத்துமலை கையில் திணித்தார். “டிவியில வந்தவரு, ரெண்டு வார்த்த பேசட்டும்!”

பத்துமலை மணமக்களை வாழ்த்தினார். ஏழாம் மேசையில் ரோசரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒரு உண்மைய சொல்லணும். அன்னிக்கு அந்த மோட்டர ஓட்டுனது... நான் இல்ல.”

மண்டபமே சிரித்தது. “பாத்தியா, என்னா தன்னடக்கம்!” என்று யாரோ கத்த, ஆறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெயர் பத்துமலையின் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் கைதட்டினால் தலை தானாகக் குனியும், கை தானாகக் கும்பிடும். நாற்பது வருஷப் பழக்கம் அப்படி. நிமிர்ந்தபோது மைக் வேறு கைக்குப் போயிருந்தது.

கை கழுவுகிற இடத்தில் ரோசரி காத்திருந்தாள்.

“பாதிதான் சொன்ன.”

“சொன்னேன்லா, அவங்கதான் நம்பல...”

“நீ இல்லன்னு சொன்ன. யாருன்னு சொன்னியா?”

பத்துமலை கையை மறுபடியும் கழுவினார்.

“மீதி எப்ப?”

“கிறிஸ்மஸுக்கு உன் வீட்டுக்கு எல்லாரும் வருவாங்கதான? அங்க வச்சு சொல்லிர்றேன்.”

ரோசரி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவருக்குத் துடைக்கக் காகிதம் எடுத்துக் கொடுத்தாள்.

“எந்த வருஷத்துக் கிறிஸ்மஸு? அதையும் சொல்லிட்டுப் போ.”