தூக்கிக் கட்டிய கூடாரத் துணி

பெரியப்பா இறந்து முப்பத்தொரு நாள் துடக்கு. அது கழியும்வரை நாங்கள் கோயிலுக்கோ கொண்டாட்டங்களுக்கோ போவதில்லை. கழிய ஒரு நாள் இருக்கும்போது நான் சர்க்கஸ் பார்க்கப் போனேன்.

மகள் முதல் சம்பளத்தில் முன்பே வாங்கிவைத்த டிக்கெட். மார்க்கம் நகரில், கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவின் பார்க்கிங்கில் கூடாரம் போட்டிருந்தார்கள். "ஜஸ்ட் ஒரு ஷோ தானே அப்பா, ஆர் பாக்கப் போகினம்?" என்றாள். எனக்கும் உள்ளூர ஆசை. இந்த வயதுவரை சர்க்கஸ் பார்த்ததில்லை.

அன்று காலையில் பெரியப்பாவின் மகன் போன் எடுத்தார். மறுநாள் துடக்குக் கழிக்கும் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு மரக்கறி வாங்கத் துணைக்கு வரச்சொன்னார். தலையிடி என்றேன். "படு தம்பி, நான் பாக்கிறன்" என்றார். அண்ணை இருப்பது பக்கத்து நகரான பிக்கரிங்கில். அங்கேயே வாங்குவார் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடார வாசலில் ஆளுக்கொரு கடதாசி விசிறி தந்தார்கள். அதில் வாயெல்லாம் சிரிப்பாக ஒரு கோமாளி முகம். நாங்கள் உட்கார்ந்த வாங்கு கூடாரத் துணியோரம் இருந்தது. பாதி ஆட்டத்தில் பெரிய மின்விசிறிகள் நின்றுபோக, உள்ளே அடுப்படிபோல் வெக்கை. சிவப்புக் கோட்டுக்காரர் மைக்கில் ஏதோ பகிடியாகப் பேசினார். நூறு வருடங்களுக்கு முந்தி மின்விசிறி இல்லாத காலத்தில் சனத்தை எப்படிக் குளிரவைத்தார்கள் என்று இப்போது காட்டப்போகிறாராம். மகள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள். எல்லோரும் கடதாசி விசிறியை ஆட்டினோம். வெளியே நின்றவர்கள் பக்கத்துத் துணியை ஆளுயரத்துக்குச் சுருட்டிக் கயிற்றால் கட்டினார்கள். காற்று குபீரென்று வந்தது. சனம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

துணி இருந்த இடத்தில் இப்போது பிளாசா தெரிந்தது. தமிழ்க் கடையிலிருந்து ஒருவர் வண்டில் தள்ளிக்கொண்டு வந்தார். மேலே வாழையிலைக் கட்டு. கொள்ளி வைத்த நாளிலிருந்து மழிக்காத தாடி. பிக்கரிங் கடையில் இலை முடிந்துவிட்டது என்று பிறகு அறிந்தேன்.

அண்ணை நின்று பார்த்தார். நான் விசிறியை முகத்துக்கு நேரே பிடித்தேன். கோமாளி முகம் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் என்பது சற்றுப் பிந்தித்தான் உறைத்தது. பக்கத்தில் மகள் கையசைத்தாள். விசிறி ஓரத்தால் பார்த்தேன். அவரும் கையசைத்தார்.

மறுநாள் அவர் வீட்டு கராஜில் பந்தி. உறவெல்லாம் இருந்தது. அண்ணை ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிறகு நான் ஒருவர் முகத்திலும் முழிக்க முடியாது. முகம் மழித்துக் குளித்துவிட்டு, சோற்றுச் சட்டியோடு வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தார். என் முன்னால் நின்றார்.

"தலையிடி விட்டுதோ தம்பி?"

"ஓம் அண்ணை."

சட்டியைக் கீழே வைத்தார். மூலையில் சுழன்றுகொண்டிருந்த ஒரே மின்விசிறியைப் பிடித்து என் பக்கம் திருப்பிவிட்டார். "உனக்கு வெக்கை ஆகாது" என்றார். அது கோபமா அன்பா என்று அவர் முகத்தில் தேட எனக்குத் துணிவில்லை.

எதிரே இருந்தவர்களின் சட்டைகள் வியர்வையில் ஒட்டியிருந்தன. என் இலை மட்டும் காற்றில் படபடத்தது. அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே சாப்பிட்டு முடித்தேன்.