அம்மா வளரவிடாத மரம்

எங்கள் அம்மாவின் முப்பதாம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் தோட்டத்து மக்களுக்கும் மூத்த மகன் வணக்கத்துடன் எழுதுவது. அட்டனில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலை எனக்கு. யார் யாருடைய பெருமையையோ கோத்திருக்கிறேன். இன்று என் அம்மாவின் பெருமையைக் கோக்கிறேன். கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பூண்டுலோயாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, அக்கரப்பத்தனைக்கு மருமகளாக வந்தார். கொழுந்து எடுப்பதில் அவருக்கு ஈடு கிடையாது என்று கங்காணிமாரே சொல்வார்கள். நாங்கள் மூவரும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அடுத்த மழையில் மலையில் வழுக்கி விழுந்து அம்மாவின் முழங்கால் கெட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. தேயிலை விலை விழுந்து, வேலைக்கு ஆகாதவர்களுக்குக் கணக்கு முடித்துப் பத்துச்சீட்டுக் கொடுத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா நேரே தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் போய், மலையேறத்தான் முடியாது, மற்ற எந்த வேலையும் செய்வேன் என்றார். துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் வேலை கிடைத்தது.

அங்கேதான் அந்த மரம் இருந்தது. துரையின் மனைவி துரைசாணி ஜப்பானிலிருந்து தொட்டியோடு கொண்டுவந்த குட்டை மேப்பிள். முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனாலும் முற்றிய மரத்தின் மிடுக்கு. விரல் விரித்த கைபோல இலை, துளிர்க்கும்போது நல்ல சிவப்பு. துரைசாணி சீமைக்கு விடுமுறையில் போனபோது அதை அம்மாவிடம் ஒப்படைத்தார். மரம் போனால் வேலையும் போகும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காலை வெயில் மட்டும் படும் மூலையில் வைத்தார். காற்றில் இலை நுனி கருகாமல் சாக்குக் கட்டினார். தண்ணீர் தேங்காமல் தொட்டியின் அடித்துளையைக் குச்சியால் குத்திவிடுவார். பனிக்காலத்தில் இலையெல்லாம் கொட்டி மரம் மொட்டையாக நின்றபோது, செத்துவிட்டது என்று பங்களாவில் எல்லோரும் கைவிட்டார்கள். அம்மா நகத்தால் பட்டையைக் கீறி, உள்ளே பச்சை இருப்பதைப் பார்த்து நிம்மதியானார். மாசியில் துளிர்த்தது.

ஒருநாள் பங்களாச் சமையற்காரரோடு பேசிக்கொண்டே மரத்தருகே நின்ற அம்மா குனிந்து பார்த்தால், கை நிறையச் சிவப்புத் துளிர். ஒரு கிளையிலும் நுனி மிஞ்சவில்லை. பழகிய கை பழகிய வேலையைச் செய்துவிட்டது.

"அக்கா, கொரங்கு கடிச்சிருச்சுன்னு சொல்லிருங்க. யாரு பாத்தா?" என்றார் சமையற்காரர்.

துரைசாணி திரும்பி வந்து காரை விட்டு இறங்கியதும் அம்மா முன்னால் போய் நின்றார்.

"கிள்ளுனது நான்தாங்க. கொழுந்தெடுத்த கை, என்னையக் கேக்காமலே எடுத்திருச்சு."

துரைசாணி மரத்தருகே மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார். கிள்ளிய ஒவ்வொரு இடத்திலும் இரண்டு துளிர் வந்து, மரம் அடர்ந்திருந்தது. நுனி கிள்ளினால்தான் குட்டையாக நிற்கும் என்று விற்றவர் சொல்லியிருந்தாராம். தனக்குத்தான் மனம் வரவில்லை என்று கொச்சைத் தமிழில் சொல்லிச் சிரித்தார். அன்று முதல் கிள்ளுவது அம்மாவின் வேலையானது. துரை குடும்பம் ஒரேயடியாகச் சீமைக்குப் புறப்பட்டபோது மரமும் அம்மாவுடையதானது.

மரம் பிழைத்ததைவிட, குரங்கின்மேல் பழி போடாமல் அம்மா நின்ற நிலைதான் எங்களுக்குப் பெருமை. லயத்தில், "ஒங்க கடைசிப் புள்ள ஏன் வளரவே மாட்டேங்குது?" என்று கேலி செய்வார்கள். "நான் விட்டாத்தானே" என்பார் அம்மா.

கடைசி நாட்களில் நெஞ்சுச்சளியால் எழ முடியாமல் கிடந்தபோதும் தொட்டியைக் கட்டிலருகே வைக்கச் சொன்னார். துளிர் வரும் முன்பே போய்விட்டார். எட்டாம் நாள் துக்கம் கேட்க வந்த கொழுந்துக்காரப் பெண்கள், வாசலில் துளிர்த்திருந்த மரத்தைச் சுற்றி நின்று அழுதார்கள். அவர்கள் போன பிறகு பார்த்தேன். ஒரு நுனியும் மிச்சமில்லை. அவர்கள் நின்ற இடமெல்லாம் கிள்ளிய துளிர் சிவப்பாகக் கிடந்தது.

பாடை சுமந்த தோள்களுக்கும், தப்படித்தவர்களுக்கும், மழையில் குழி வெட்டியவர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு கொண்டுவந்த, லயத்தில் பக்கத்துக் காம்பராக்களில் குடியிருப்பவர்களுக்கும் எங்கள் நன்றி. தங்களை அறியாமல் அம்மாவின் வேலையைச் செய்துவிட்டுப் போன அந்தக் கைகளுக்கும் நன்றி. கிள்ளிய இடமெல்லாம் இன்று இரண்டு இரண்டாகத் துளிர்த்திருக்கிறது.