ஐந்தாம் குழாய்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுப்பவரை எல்லாரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருடமாக அதே ஜன்னலோர நாற்காலி. அப்பா, பிள்ளை, அத்தை, சித்தப்பா என்று குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருவார்கள். ரத்தத்தில் ஓடும் நூற்றுக்கணக்கான பொருள்களில் எது பரம்பரையாக வருகிறது, எது இதயத்தைப் பாதிக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. "தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானே, தெரியாம இருந்து என்ன பண்ணப்போறீங்க?" என்று அக்கா பேச்சுக் கொடுத்துக்கொண்டே குழாயை நிரப்பிவிடுவார். பாதிப் பேருக்கு ஊசி இறங்கியதே தெரியாது.

அவர் மட்டும் ஒரு சொட்டு கொடுத்ததில்லை. மெஷினைச் சரிபார்க்க ஊழியர்கள் ஐந்து பேர் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்போம். அக்கா அன்றைக்குப் பார்த்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருவார். அவருடைய அப்பா நாற்பத்தெட்டில் போனார், அண்ணன் நாற்பத்தாறில். இரண்டு பேருக்கும் மாரடைப்பு. அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து.

அந்தச் சமயத்தில்தான் புது மெஷின் வந்தது. ஐந்து குழாய்களை என் மேஜையில் வைத்தார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். நான்கு ஒழுங்காக இருந்தன. ஐந்தாவதில் கெட்ட கொழுப்பு முந்நூற்றுப் பத்து, இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. எனக்கு வந்ததே கோபம். மெஷினைக் கழுவித் துடைத்து மறுபடி ஓட்டினேன். அதே எண். விற்ற கம்பெனிக்கு போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது போதாதென்று அக்காவிடம் போய், "குழாயை வெயில்ல வச்சீங்களா? இத்தனை வருஷம் என்னத்த வேலை பார்த்தீங்க?" என்று கத்தினேன். அவர் நாற்காலிக்குத் திரும்பிப் போய் அடுத்த ஆளுக்கு ரத்தம் எடுத்தார். மறுநாள் காலை இன்னொரு குழாயைக் கொண்டுவந்து வைத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"யாரோட ரத்தம்க்கா இது?"

"என்னோடதுதான். நேத்து ஒரு ஆள் குறைஞ்சது, நானும் சாப்பிடல. மெஷினைத் திட்டாத தம்பி, அது சரியாத்தான் சொல்லுது."

ஒல்லியான உடம்பு, நாலு மாடியும் படியேறி வரும் மனுஷி. அப்பா, அண்ணன் கதை தெரிந்தும் என் மரமண்டைக்கு இது எட்டவில்லை. வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே அக்காவை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஸ்கேன் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இதயம் நல்லா வேலை செய்யுது. ரத்தக்குழாய்ல கொஞ்சம் படிஞ்சிருக்கு, மாத்திரையில அடக்கிடலாம். இது அப்பா வழியா வந்த மரபணு. நீங்க சாப்பிட்டதால வந்ததில்ல."

"என் பொண்ணுக்கு?"

"பாதிக்குப் பாதி வாய்ப்பு."

தனக்கு என்றபோது கலங்காதவர் அங்கேதான் அழுதார். மகளிடம் சொல்லவே ஒரு மாதம் ஆனது. பத்தொன்பது வயதுப் பெண் சிரித்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "வேற யாரும் வேணாம், நீயே எடும்மா." இருபது வருடத்தில் முதல்முறையாக அக்காவுக்கு நரம்பு தவறியது. "ஊசியக்கான்னு சும்மாத்தான் சொல்றாங்களா?" என்றாள் மகள். இரண்டாவது குத்தில்தான் குழாய் நிரம்பியது.

அவளுக்கும் இருந்தது. தாளை நீட்ட எனக்குக் கை வரவில்லை. அக்காவே அதை வாங்கி இரண்டு முறை படித்து, மடித்துப் பையில் வைத்தார்.

"எங்கண்ணனுக்குத் தெரிஞ்சப்போ அவன் ஆம்புலன்ஸ்ல கிடந்தான். இவ நாற்காலில உட்கார்ந்து என்னைக் கிண்டல் பண்ணிட்டிருக்கா. போதும் தம்பி, எனக்கு இது போதும்."

அம்மாவும் மகளும் தினமும் சாப்பிட்டு முடித்து ஆளுக்கொரு மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். எண் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. போன வாரம் அக்காவுக்கு நாற்பத்தேழு முடிந்தது. நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "எங்கண்ணனுக்கே இப்ப நான் அக்கா, தெரியுமா?" என்றார். சொல்லிவிட்டு, அடுத்த குடும்பத்தை உள்ளே கூப்பிட்டார்.