நிபந்தனைகளைப் படிப்பவள்

கைப்பேசியில் எதை இறக்கினாலும் ‘நிபந்தனைகளை ஏற்கிறேன்’ என்ற பெட்டியை என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிடுவார். அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், அதைக் கடைசி வரி வரை படிப்பாள். “படிச்சு என்ன கிழிக்கப்போற?” என்பார் அவர். “எதுக்குத் தலையாட்டினோம்னாவது தெரியுமில்ல” என்பாள். அப்படிப் படிக்கிற ஒரே ஆளாக நான் பார்த்தது அவளைத்தான்.

ஒரு பயிற்சி நிலையத்தின் தேர்வுக்கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அங்கே மேசைகளில் திரையும் விசைப்பலகையும் மட்டும்தான் இருக்கும். கணினிகள் எல்லாம் பக்கத்து அறையில் ஒரே ஒரு பெரிய சர்வருக்குள் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. தனியாக உடம்பு கிடையாது, பெயர் மெய்நிகர் கணினி. அந்த அறையின் குளிருக்குப் பயந்து கோடையிலும் கம்பளிச் சட்டை போட்டிருப்பாள். “சர்வர் அக்கா, ரெண்டு காபி” என்று வரவேற்பு மேசைக்காரர் தினமும் வம்பிழுப்பார். “பால் தீந்துபோச்சு” என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போவாள்.

என் கணவர் கிரேன் ஓட்டுகிறார். அவருடைய சான்றிதழைப் புதுப்பிக்கும் தேர்வு அங்கேதான் நடந்தது. அதைத் தவறவிட்டால், அடுத்த தேர்வு வருவதற்குள் எங்கள் வேலை அனுமதி முடிந்துவிடும். மூட்டை கட்டிக்கொண்டு, பிழைக்க வந்த இந்த நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். துணைக்கு நானும் போனேன்.

போனால் கூடமே பரபரத்துக் கிடந்தது. புது சர்வர் வந்திருந்ததால் அவள் ஒரு கணினியை ஒழுங்காகத் தயார் செய்து, அதிலிருந்தே முப்பது நகல் எடுத்திருந்தாள். ஒவ்வொன்றும் உரிமம் பெற்றது என்று, அதற்கென்றே நிலையத்திலுள்ள தனிக் கணினி ஒன்று உறுதி செய்ய வேண்டும். குறைந்தது இருபத்தைந்து வெவ்வேறு கணினிகள் வந்து கேட்டால்தான் அது அசையும். காலையில் எல்லாவற்றையும் ஒன்றாக எழுப்பினால் தானாக நடந்துவிடும் என்று நம்பியிருந்தாள். எழுப்பினாள், எதுவும் நடக்கவில்லை. உறுதியாகாத கணினியில் தேர்வு மென்பொருள் திறக்காது. பன்னிரண்டுக்குள் தொடங்காவிட்டால் தேர்வு ரத்து என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார்.

நிலைய மேலாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். “உரிமத்த உடைக்கிற மென்பொருள் இதுல இருக்கு, போடும்மா. எல்லாப் பூட்டும் தன்னால திறந்துக்கும். யாருக்குத் தெரியப்போகுது?”

“நம்மகிட்ட லைசென்ஸ் இருக்கு சார். சொந்த வீட்டுக்குள்ள எதுக்குச் சுவரேறிக் குதிக்கணும்?”

“சாவி வேலை செய்யலையே.”

“செய்யும். எங்கயோ நான்தான் தப்புப் பண்ணியிருக்கேன்.”

என் கணவர் கூடத்தின் கதவருகே போனார். “சார் சொல்றதக் கேளேன்மா. என் பொழப்பே உன் கையிலதான் இருக்கு.”

“தெரியும்ண்ணா. அதான் தப்பத் தேடிட்டிருக்கேன். கொஞ்சம் தள்ளி நில்லு.”

உள்ளதைச் சொன்னால், என் மனமும் பென் டிரைவ் பக்கம்தான் சாய்ந்தது.

திரையில் வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தவள் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அண்ணி, முப்பதும் போய்க் கேட்டிருக்கு. ஆனா எண்ணிக்கை ஒண்ணுலயே நிக்குது. மூலக் கணினியோட அடையாளத்தத் துடைக்காமலே நகல் எடுத்துட்டேன். முப்பதும் ஒரே ஆளோட பேரச் சொல்லிக்கிட்டு வரிசையில நிக்குது.”

தப்பு தெரிந்ததும் அவள் முதலில் போனது கணினிகளிடம் இல்லை, காத்திருந்தவர்களிடம். “தாமதத்துக்கு நான்தாங்க காரணம். சரிபண்ணிட்டிருக்கேன், பொறுத்துக்குங்க.”

“நாங்க படிச்சுட்டு வந்துட்டோம், உங்க பொட்டிதான் படிக்கல போல” என்றார் ஒருவர்.

“ஆமாங்க. இப்பதான் அதுக்குப் பேரே வைக்கப்போறேன்.”

மேசை மேசையாக நகர்ந்தாள். பழைய அடையாளத்தை அழிக்க வேண்டும், கணினியை நிறுத்தி எழுப்ப வேண்டும், மறுபடி கேட்கச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை இரண்டானது, மூன்றானது. மேலாளர் பென் டிரைவை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே பின்னால் நடந்தார். இருபதைத் தாண்டியபோது ஒரு கணினி எழுந்திருக்க மறுத்தது. அவள் அதோடு மல்லுக்கட்டவில்லை. “நீ தூங்கு” என்று அடுத்ததற்குப் போய்விட்டாள். இருபத்தைந்து வந்ததும் முதல் கணினி திறந்தது. பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாகத் திறந்தன. பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

எல்லாரையும் உட்கார வைத்தாள். அண்ணனைக் கடைசியாகக் கூப்பிட்டாள்.

“சொந்தத் தங்கச்சி இருந்தும் எனக்குக் கடைசி எடமா?”

“சொந்தத் தங்கச்சி இருக்கறதாலதான். உக்காரு.”

கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு திரையிலேயே வந்துவிடும். வெகுநேரம் கழித்து அவர் எழுந்து, தங்கையின் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு வெளியே வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தேறிவிட்டார் என்று தெரிந்தது.

“உங்க தங்கச்சி காப்பாத்திட்டா” என்றேன்.

“அவளா? பதில் எழுதினது நான்” என்றார்.

நன்றி சொல்ல அவளைக் கூப்பிட்டேன். உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். உள்ளே மற்றவர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.