வாத்தியாருக்குக் காய்ச்சல் வந்த அன்று

என் வீட்டுக்காரரை இந்தக் கட்டடமே வாத்தியார் என்றுதான் கூப்பிடுகிறது. அவர் ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. வேலை பார்த்த காலம் முழுக்க வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தவர். எந்த வீட்டிலும் ஒரு வார்த்தை பேசாமல் அட்டையில் எழுதிவிட்டு வந்துவிடுவார். ரிட்டயர் ஆனதும் மாடிப்படிக்குக் கீழே ஒரு போர்டை மாட்டி, தினமும் காலையில் ஒரு பொன்மொழி எழுத ஆரம்பித்தார். வாழ்க்கை, அன்பு, அறிவு, சமுதாயம், எதையும் விட்டுவைக்கவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படித்துத் தலையாட்டுவார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

பின்னே என்ன? மகன் நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு சைக்கிள் கடை வைக்கப்போகிறேன் என்றான். இவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அவன் படியிறங்கிப் போகும்போது, நாலு பேர் பார்க்க, "போர்டுல எழுதறத ஒரு நாளாவது நீங்க படிச்சுப் பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான், பேச்சு நின்றது. மறுநாள் போர்டில், 'மன்னிப்பவன் வீட்டுக் கதவுக்குப் பூட்டு வேண்டாம்.' கூசாமல் எழுதினார்!

அவன் ஞாயிறு தவறாமல் கூப்பிடுவான், முதலில் அப்பாவுக்கு, அப்புறம் எனக்கு. போன் அடித்ததும் இவர் பால்கனிக்குப் போய், காய்ந்த துணியைத் திரும்பக் காயப்போடுவார். நடுவில் கிடந்து அல்லாடினேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்து, சொல்வதையே விட்டுவிட்டேன்.

போன ஞாயிறு இவருக்குக் காய்ச்சல். படுத்தபடியே, "நீ போய் எழுதிட்டு வா. அறிவு என்பது..." என்று இழுத்தார். சாக்பீஸை எடுத்துக்கொண்டு நாலு மாடி இறங்கினேன். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. அறிவாவது மண்ணாங்கட்டியாவது! 'பிள்ளை கூப்பிட்டால் போனை எடு' என்று எழுதினேன். இவர் படிக்கத்தான் எழுதினேன். படுத்துக் கிடக்கிறவர் எப்படி இறங்கிவந்து படிப்பார் என்பது மேலே வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

கொஞ்ச நேரத்தில் மூன்றாம் மாடித் தையல்காரி கதவைத் தட்டினாள். கண் சிவந்திருந்தது.

"வாத்தியாரு எங்கேக்கா? இத்தனை நாள் எழுதினது ஒரு பக்கம், இன்னிக்கு எழுதினது ஒரு பக்கம். எம்பொண்ணு கூப்பிட்டா. ரொம்ப நாளைக்கப்புறம் எடுத்துட்டேன்கா."

பின்னாலேயே கீழ்வீட்டு பிளம்பர் வந்து, "நீங்க பெரிய மனுஷன் சார்" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் புரியாமல் இவர் போர்வைக்குள்ளிருந்து தலையாட்டினார்.

அவர்கள் போனதும், "என்னத்த எழுதித் தொலைச்சே?" என்றார்.

சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் இவர் போன் அடித்தது, மகன்தான். பால்கனி வரை போகத் தெம்பில்லையோ என்னவோ, எடுத்துவிட்டார். அத்தனை பொன்மொழி எழுதின மனிதர்! "உன் கடையில மீட்டர் ஒழுங்கா ஓடுதா?" என்றார். உடனே போனை என்னிடம் நீட்டினார்.

"நீ பேசு. எனக்கு வேற ஒண்ணும் வரல."

வாங்கிக் காதில் வைத்தேன். மகன் அழுதுகொண்டிருந்தான். எனக்கும் அழுகைதான் வந்தது. ஆனால் நடுவில் கிடந்து அல்லாட இனிமேல் என்னால் ஆகாது.

"அப்பா கேட்டாரில்ல, அவருக்குப் பதில் சொல்லுடா" என்று போனை இவர் காதிலேயே திரும்ப வைத்துப் பிடித்துக்கொண்டேன்.